நாளைக்கு வரச் சொன்னவர்கள்

ரெஜிஸ்டர் அண்ணனுக்குக் கை சுத்தம், வாய் சுத்தம், மேசை சுத்தம். எங்கள் மருத்துவமனையின் வெளிநோயாளிப் பிரிவில் இருபத்தேழு வருஷமாகப் பதிவெழுத்தராக இருக்கிறார். என் மருந்து ஜன்னலுக்கு நேர் எதிரே அவர் மேசை. நடுவில் ஒரு நடை, அதில் ஐந்து பெஞ்சுகள். பதினாறு வருஷமாக மாத்திரை எண்ணிவிட்டு நிமிர்ந்தால் எனக்கு அவர் முகம்தான். என் வீட்டுக்காரர் முகத்தைக்கூட இவ்வளவு நேரம் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் இன்னும் நாலு சண்டை கூடுதலாக வந்திருக்கும்.

காலை ஏழு மணிக்குச் சர்க்கரைப் பரிசோதனைக்கு ஐம்பது டோக்கன் கொடுப்பார். ஐம்பது பேரும் காய்ந்த உதட்டோடு பெஞ்சுகளில் உட்கார்ந்திருப்பார்கள். ஒவ்வொருவராகக் கூப்பிட்டு வயது, உயரம், எடை, ரத்த அழுத்தம், அப்பா அம்மாவுக்குச் சர்க்கரை உண்டா இல்லையா என்று கேட்டுக் கணினியில் ஏற்றுவார். கடைசியாக ஒரு கேள்வி.

"காலையில ஏதாவது சாப்பிட்டீங்களா?"

ஆமாம் என்றால் முடிந்தது. "நாளைக்கு வாங்க. வெறும் வயித்தோட வாங்க." டாக்டரே சிபாரிசு செய்தாலும் அண்ணன் மசியமாட்டார். வெறும் வயிறு என்றால் வெறும் வயிறுதான். எழுந்து போகிறவர்கள் எல்லாரும் சொல்லிவைத்ததுபோல ஒரே பதிலைச் சொல்வார்கள். "சரி, நாளைக்கு வரேன்."

பதினோரு வருஷத்துக்கு முன் தடிப் பதிவேட்டை எடுத்துவிட்டுக் கணினியை வைத்தார்கள். முதல் வாரமே தகராறு. ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் அது பக்கத்தைச் சேமிக்காது. திருப்பி அனுப்பியவருக்குச் சர்க்கரை அளவு எங்கே இருக்கும்? கோடு போட்டுப் பார்த்தார், கேள்விக்குறி போட்டுப் பார்த்தார், எழுத்தே ஆகாது, எண்தான் வேண்டும் என்று கணினி ஒற்றைக் காலில் நின்றது. வரிசை வாசல் வரை நீண்டுவிட்டது. அப்போது எதிர் ஜன்னலிலிருந்து ஒரு குரல் வந்தது: "ஒரு சைபரைப் போட்டுட்டுப் போங்கண்ணே. நாளைக்கு வந்தா மாத்திக்கலாம்."

அந்தக் குரல் என்னுடையது. இதைச் சொல்லாமல் மீதிக் கதையைச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

மறுநாள் வந்தவர்களுக்கு அண்ணன் சைபரை அழித்துச் சரியான எண்ணைப் போட்டார். வராதவர்களுக்கு சைபர் அப்படியே நின்றது. அதுவே வழக்கமாகிவிட்டது, நின்றுபோன சைபர்களை நாங்கள் இரண்டு பேரும் மறந்துபோனோம்.

போன வருஷம் ஒரு கணினி அம்மா வந்து சேர்ந்தார். நாற்பது வயதிருக்கும், சிரித்தால் கண் மூடிக்கொள்ளும். எங்களிடம் இருந்த நாற்பத்தோராயிரம் பேருடைய பதிவுகளைக் கணினிக்குப் படிக்கக் கொடுத்து, இனி வருகிறவரில் யாருக்குச் சர்க்கரை நோய் வரும் என்று முன்கூட்டியே சொல்ல வைக்கப்போவதாகச் சொன்னார். பெரிய டாக்டர் ஒரே ஒரு நிபந்தனை போட்டாராம். ஏன் என்று காரணம் சொல்லாத மிஷின் தனக்கு வேண்டாம் என்று.

அதனால் இந்த மிஷின் காரணமும் சொல்லும். ஒருவருடைய பதிவைத் திறந்தால் திரையில் பட்டைகள் விழும். சிவப்புப் பட்டை, நோயின் பக்கம் தள்ளும் காரணம். நீலப் பட்டை, நோயிலிருந்து விலக்கும் காரணம். நீளமான பட்டை என்றால் பெரிய காரணம். அம்மாவுக்குச் சர்க்கரை இருந்தது, சிவப்பு. எடை கூட, சிவப்பு. வயது குறைவு, நீலம். பத்து வருஷமாக எதற்குக் கோபம் என்று சொல்லாமலே கோபித்துக்கொள்கிற என் வீட்டுக்காரருக்கும் இப்படி ஒன்று மாட்ட முடியுமா என்று கேட்டேன். கணினி அம்மா கண் மூடச் சிரித்தார்.

மிஷினைப் பழைய பதிவுகளை வைத்தே சோதித்தார்கள். "இவருக்கு வராது" என்று அது சொல்லி, ஆனால் நிஜத்தில் நோய் வந்த பத்தொன்பது பேரின் எண்களைத் தனியாக எடுத்து, ஏன் தப்பியது என்று பார்க்க ஒரு திங்கட்கிழமை எல்லாரையும் கூட்டினார் பெரிய டாக்டர். ரத்தம் எடுக்கிற ஊசிக்காரி, அண்ணன், நான், இன்னும் இரண்டு டாக்டர்கள்.

முதல் ஆறு பேருக்கு ஏதேதோ காரணம். கணினி அம்மா ஏழாவது எண்ணைத் திறந்தார். பெயர் தெரியாது, எண் மட்டும்தான். பெண், நாற்பத்து நான்கு வயது. அம்மாவுக்குச் சர்க்கரை, எடை, ரத்த அழுத்தம், இடுப்புச் சுற்றளவு என்று வரிசையாக ஐந்து சிவப்புப் பட்டைகள். எல்லாவற்றையும் ஒரே தள்ளாகப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு ஒரு நீலப் பட்டை, திரையின் ஓரம் வரை. அதன் பக்கத்தில்: காலை வெறும் வயிற்றுச் சர்க்கரை, 0.

"சைபரா?" என்றார் பெரிய டாக்டர். "சர்க்கரை சைபர்னா ஆள் உயிரோடவே இருக்க முடியாதே!"

நான் அண்ணனைத் திரும்பிப் பார்த்தேன். பேயறைந்த மாதிரி உட்கார்ந்திருந்தார். அந்த எண்ணை அவருக்குத் தெரியும். அது அவர் மனைவியின் எண்.

அந்த அக்கா செத்து ஆறு வருஷம் ஆகிறது. காலில் ஒரு சின்னப் புண். ஆறவில்லை. காய்ச்சலோடு அவசரப் பிரிவுக்குக் கொண்டுவந்தபோது சர்க்கரை ஐந்நூறைத் தாண்டியிருந்தது. பதினோரு நாள் இருந்தார். அதற்கு மூன்று வருஷம் முன்னால் ஒரு காலையில் அண்ணன் மறந்துவிட்டு வந்த மூக்குக்கண்ணாடியைக் கொடுக்க வந்தவரை, வந்ததுதான் வந்தாய், ரத்தம் கொடுத்துவிட்டுப் போ என்று அண்ணன் பெஞ்சில் உட்காரவைத்தார். முறை வந்ததும் எல்லாக் கேள்வியும் கேட்டார். கடைசிக் கேள்விக்கு அக்கா, "ஒரு வாய் டீதான்" என்றார். ஊசிக்காரி, "பரவாயில்லண்ணே, நான் எடுத்துடறேன்" என்றாள். அண்ணன் விடவில்லை. ஊருக்கெல்லாம் ஒரு சட்டம், தன் பெண்டாட்டிக்கு ஒரு சட்டமா என்று நாலு பேர் சொல்லிவிடுவார்களாம். "நாளைக்கு வா" என்று அனுப்பிவிட்டார். அக்கா சிரித்துக்கொண்டே என் ஜன்னலில் நின்று, "பாத்தியா, வீட்டுல புலி, இங்கயும் புலி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கூட்டத்தில் அண்ணன் வாயைத் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை.

கணினி அம்மா அங்கேயே தேடிப் பார்த்தார். சைபர் உள்ளவர்கள் ஆயிரத்து நூற்று அறுபத்து மூன்று பேர். அவர்களில் முக்கால்வாசிப் பேர் மறுபடி இந்தப் பக்கமே வரவில்லை. வராததால் அவர்கள் பதிவில் நோய் என்று யாரும் எழுதவில்லை. நோய் என்று எழுதாததால், சைபர் இருந்தால் நோய் வராது என்று மிஷின் கற்றுக்கொண்டுவிட்டது. கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதை.

"ரத்தம் பாக்கற மிஷின் கோளாறா இருக்கும்" என்றார் பெரிய டாக்டர். எல்லாரும் ஊசிக்காரியைப் பார்த்தார்கள்.

"என் மிஷின் ஒருநாளும் சைபர் காட்டினதில்ல டாக்டர். கோளாறுன்னா கோளாறுன்னு எழுதிக் காட்டும், சைபர் காட்டாது" என்றாள். அவள் கண் கலங்கிவிட்டது. விளக்கம் எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள்.

கணினி அம்மா, "யார் தப்பா இருந்தாலும் இந்த வரிசைங்கள வச்சுக்கக் கூடாது. வெள்ளிக்கிழமை மொத்தத்தையும் நீக்கிட்டுத் திரும்பப் படிக்க வைக்கிறேன்" என்றார். அவர் வேலைக்கு அது சரி. ஆயிரத்துச் சொச்சம் தப்பான எண்கள், சுத்தம் செய்ய வேண்டியதுதானே. அந்த அறையில் எனக்கும் அண்ணனுக்கும் மட்டும்தான் அவை எண்கள் அல்ல என்று தெரியும். அவை எங்களிடம் வந்து, நாளைக்கு வரேன் என்று சொல்லிவிட்டு எழுந்து போன ஆட்கள். வெள்ளிக்கிழமை நீக்கிவிட்டால், அவர்கள் வந்த தடமே இல்லாமல் போய்விடும். தேடிப் போகவும் யாருக்கும் தோன்றாது.

செவ்வாய்க்கிழமை காலை எட்டரைக்கு அண்ணன் மேசையை விட்டு எழுந்து என் ஜன்னலுக்கு வந்தார். "மா, அந்தக் கடைசி பெஞ்சுல எத்தனை பேர் உக்காந்திருக்காங்க?"

"நாலு பேர்ணே."

"ஐம்பது டோக்கன்தான் குடுத்தேன். எண்ணினா ஐம்பத்தொண்ணு வருது."

"யாராவது கூட வந்தவங்களா இருக்கும்."

"இல்ல. கூட வந்தவங்களுக்கு உதடு காயாது" என்றார். திரும்பிப் போய் உட்கார்ந்துகொண்டார். அன்று முழுக்க ஒவ்வொரு பெயரையும் கூப்பிட்டுவிட்டு, வந்து நிற்கிறவரைத் தாண்டிப் பின்னால் பார்த்தார். இன்னும் யாரோ வர வேண்டியதுபோல.

எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. எண்ணுவதில் நம்பிக்கை உண்டு. ஒரு நாளைக்கு நாலாயிரம் மாத்திரை எண்ணுகிறேன், ஒன்றுகூடப் பிசகியதில்லை. புதன்கிழமை காலை நானும் அந்த நடையை எண்ணினேன். ஐம்பத்தொன்று. மறுபடி எண்ணினேன், ஐம்பது. மூன்றாம் முறை எண்ண எனக்குத் தைரியம் வரவில்லை. பட்டப்பகல், வெயில் தரையில் கட்டம் கட்டமாக விழுந்து கிடக்கிறது, ஊசிக்காரி யாரையோ கையை நீட்டச் சொல்லி அதட்டுகிறாள். இதற்கு நடுவில் எண்ணி முடித்த மாத்திரைகளையே நான் திரும்ப எண்ணுகிறேன்.

பதினாறு வருஷமாக அந்த "நாளைக்கு வரேன்" என் காதில் விழுந்துகொண்டுதான் இருந்தது. அந்த வாரம்தான் அது கேட்டது. வயசான குரல், கம்மிய குரல், வேலைக்கு நேரமாகிவிட்ட அவசரக் குரல். ஒரு வாய் டீ குடித்த குரல்.

மதியம் ஜன்னலை மூடிவிட்டு நேரே அவர் மேசைக்குப் போனேன். "அண்ணே, ஊசிக்காரி ரெண்டு நாளா அழுதுக்கிட்டிருக்கா. பழி ஒரு பக்கம் பாவம் ஒரு பக்கம்னு இருக்கலாமா? சைபர் நாமதான் போட்டோம்னு சொல்லிடுவோம். ஐடியா குடுத்தவ நான், என்னையும் சேத்துக்கங்க."

"அவளுக்காகவாவது சொல்லணும்தான்" என்றார். கையால் மேசையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். மேசையில் தூசியே இல்லை.

"வேலை போயிடும்னு பயமா?"

"வேலை கிடக்குது. என் பொண்ணுக்குத் தெரிஞ்சிடும்மா."

அப்போதுதான் அதைச் சொன்னார். மனைவி இறந்த அன்று மகள் கேட்டாளாம். ஆஸ்பத்திரியிலேயே வேலை பார்க்கிறீர்கள், அம்மாவுக்கு ஒரு தடவைகூட டெஸ்ட் எடுக்கத் தோன்றவில்லையா என்று. அண்ணன் சொன்ன பதில், "கூப்பிட்டேன், அவ வரல." முழுப் பொய்யும் இல்லை. திருப்பி அனுப்பிய பிறகு வீட்டில் இரண்டு தடவை கூப்பிட்டிருக்கிறார், அக்காவும் வேலை இருக்கிறது என்று தட்டிக் கழித்திருக்கிறார். ஆனால் முதல் தடவை வந்தாரே. அந்த ஒரு காலையை மட்டும் அண்ணன் விழுங்கிவிட்டார். மகள் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். ஆறு வருஷமாகச் செத்த அம்மா மேல் அவளுக்குத் தீராத கோபம். மருந்து குடிக்க அடம்பிடிக்கும் தன் பிள்ளையிடம், "எங்கம்மா மாதிரி பிடிவாதம் பிடிச்சே சாகாதே" என்பாளாம்.

"அதக் கேக்கும்போதெல்லாம் வாய் வரை வரும்மா. அப்புறம் உள்ள போயிடும்" என்றார்.

எனக்கு வந்த கோபத்தில் அங்கேயே நாலு கேட்டிருப்பேன். பெண்டாட்டியைத் திருப்பி அனுப்பியதுகூடப் பொறுக்கலாம், செத்தவள் தலையில் பழியைப் போட்டுவிட்டு ஆறு வருஷம் சாப்பிட்டுத் தூங்கி எழுந்திருக்கிறாரே! ஆனால் அவர் என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்குப் பின்னால் கடைசி பெஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தார். கேட்க வந்த நாலையும் நான் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு மறுபடி கூட்டம். கணினி அம்மா எல்லாவற்றையும் தயாராக வைத்திருந்தார். ஆயிரத்து நூற்று அறுபத்து மூன்று வரிசைகளும் திரையில் மஞ்சளாகத் தெரிந்தன. "நீக்கவா?" என்று பெரிய டாக்டரைக் கேட்டார். அண்ணன் எழுந்து நின்றார். இருபத்தேழு வருஷத்தில் ஒரு கூட்டத்தில் அவர் எழுந்து நின்று நான் பார்த்ததில்லை.

"அது மிஷின் கோளாறு இல்ல சார். நான் போட்டது. காலையில ஏதாவது சாப்பிட்டுட்டு வந்தவங்கள நாளைக்கு வரச் சொல்லிட்டு, பக்கத்த மூட சைபர் போட்டேன். அவங்கள்ல முக்கால்வாசிப் பேர் திரும்பி வரல. நான் தேடவும் இல்ல." திரையைக் கைகாட்டினார். "ஏழாவதா பாத்தீங்களே, அது என் வீட்டுக்காரி. அவங்கள அழிச்சிடாதீங்க. கூப்பிடணும். நான் கூப்பிடறேன்."

சைபர் யோசனை என்னுடையது என்று நானும் சொன்னேன். யார் காதிலும் விழுந்ததாகத் தெரியவில்லை. ஊசிக்காரி எழுந்து வெளியே போய்விட்டாள், இன்றுவரை அண்ணனிடம் அவள் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அது அவள் உரிமை. பெரிய டாக்டர், "கூப்பிடுங்க. இனிமே வெறும் வயிறெல்லாம் பாக்க வேணாம். மூணு மாசச் சராசரிச் சர்க்கரை டெஸ்ட், சாப்பிட்டிருந்தாலும் எடுக்கலாம். யாரையும் திருப்பி அனுப்பாதீங்க" என்றார். கணினி அம்மா மஞ்சளை நீக்கவில்லை. காலிக் கட்டத்தைக் காலியாகவே வைத்துப் படிக்க மிஷினுக்குச் சொல்லித்தருவதாகச் சொன்னார்.

அடுத்த வாரத்திலிருந்து மதியம் ஒன்றரை மணிக்கு மேல் நாங்கள் இருவரும் மேசை ஃபோனை ஸ்பீக்கரில் போட்டு உட்கார்ந்தோம். பதிவான தேதி வரிசைப்படி பட்டியல். அண்ணன் பேசுவார், நான் கூட இருப்பேன். பட்டியலின் கடைசிக் கட்டத்தில் நாலில் ஒன்றை எழுத வேண்டும்: வருவார், வரமாட்டார், எடுக்கவில்லை, இறந்துவிட்டார். பேச வேண்டியதைப் பெரிய டாக்டர் ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தார். அண்ணன் அதில் ஒரு வரி சேர்த்துக்கொண்டார். "அன்னைக்கு உங்களை நாளைக்கு வரச் சொன்னது நான்தான்."

ஒரு அம்மா சிரித்தார், "அந்த நாளைக்கு இன்னிக்குத்தான் வந்துச்சா?" என்று. ஒருவர் வண்டி ஓட்டுகிறவர். "மறுநாள் வந்தேனே சார். லீவுன்னு பூட்டியிருந்துச்சு. அப்புறம் சவாரி விட்டுட்டு வர முடியல" என்றார். ஒரு பையன் எடுத்து, "அப்பா இப்ப நடக்கறதில்ல" என்று மட்டும் சொன்னான். இறந்துவிட்டார் என்று எழுதும்போதெல்லாம் அண்ணன் கடைசி பெஞ்சைப் பார்ப்பார். நான் பார்க்கமாட்டேன். நிறையப் பேர் வந்தார்கள், அதையும் சொல்ல வேண்டும். வந்தவரில் பலருக்குச் சர்க்கரை கூடுதலாகவே இருந்தது, இன்னும் காலோ கண்ணோ போகவில்லை. அவர்கள் இப்போது என் ஜன்னலில்தான் மாத்திரை வாங்குகிறார்கள்.

பன்னிரண்டாம் நாள். அண்ணன் அன்று காலையிலிருந்தே சாப்பிடவில்லை. முந்நூற்று நாற்பத்தோராவது எண்ணுக்கு விரல் வந்தபோது எனக்கு ஏன் என்று புரிந்தது. பதிவில் இருந்தது அக்காவின் கைபேசி எண். அக்கா போன பிறகு அந்த எண்ணை விட மனமில்லாமல் மகள் தன் எண்ணாக வைத்துக்கொண்டிருக்கிறாள்.

"அண்ணே, இத விட்டுடுங்க. சாயந்திரம் நேர்ல போய் ஆற அமரச் சொல்லுங்க" என்றேன்.

"எல்லாரையும் வரிசையாத்தான கூப்பிட்டேன். அவளுக்கு மட்டும் என்ன சலுகை" என்றார். இந்த மனுஷனுக்கு நேர்மைதான் நோய் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் இரண்டு தடவை எண்ணைத் தப்பாக அழுத்தினார். நேரில் போனால் மறுபடி உள்ளே போய்விடும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

மணி அடித்தது. மகள் எடுத்தாள். "ஹலோ?"

அண்ணன் தாளைப் பார்த்துப் படித்தார். குரல் யாருடையதோபோல இருந்தது. "ஆஸ்பத்திரியிலேர்ந்து பேசறோம். ஒன்பது வருஷம் முன்னாடி இந்த நம்பர்க்காரங்க சர்க்கரை டெஸ்டுக்கு வந்திருந்தாங்க. அன்னைக்கு டெஸ்ட் எடுக்கல. அவங்கள நாளைக்கு வரச் சொன்னது நான்தான்."

"அப்பா? என்னப்பா இது? இது அம்மா நம்பர்பா."

"ஆமா."

அந்தப் பக்கம் விழுந்துகொண்டிருந்த குழாய்த் தண்ணீரை அவள் நிறுத்துகிற சத்தம் கேட்டது.

"அம்மா வந்தாங்களா?"

"வந்தா. வரிசையில உக்காந்து வந்தா. ஒரு வாய் டீ குடிச்சிருந்தா. நான்தான் திருப்பி அனுப்பினேன். அவ பிடிவாதம் பிடிக்கலம்மா."

நான் எழுந்து போயிருக்க வேண்டும். போகவில்லை. அந்தப் பக்கம் அவள் மூச்சு விடுவது ஸ்பீக்கரில் பெரிதாகக் கேட்டது. கடைசியில் கத்தவில்லை, திட்டவில்லை. "இத்தனை வருஷம் நான் அவங்களைத் திட்டிக்கிட்டே இருந்தேனேப்பா" என்றாள். இணைப்பு அறுந்தது.

அண்ணன் ஃபோனைச் சரியாக வைத்தார். பேனாவை எடுத்தார். இறந்துவிட்டார் என்று எழுதப்போகிறார் என்று நினைத்து நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். திரும்பிப் பார்த்தபோது, எங்களுக்குக் கொடுத்த நாலு வார்த்தைகளில் இல்லாத ஒன்றை அந்தக் கட்டத்தில் எழுதியிருந்தார்.

வந்தாள்.